பொன்னாடையை மடித்து வையுங்கள்

இந்தப் பதிவைப் படித்துவிட்டு சபைப் பெரியவர்கள் சிலர் எனக்கு போன் போடுவார்கள் என்று தெரியும். போடட்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம்ம வெளிமாநிலத் தமிழ்ச் சபைகளில் வாலிபர் ஊழியம் தேய்ந்துகொண்டே போவதற்குக் காரணம் செல்போன் இல்லை. சினிமா இல்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு பாரம் இல்லை" என்பதும் இல்லை. அந்த ஊழியத்தைச் செய்கிற மூணு நாலு பேரை நாம் அம்போவென்று தனியாக விட்டுவிடுகிறோம். அவ்வளவுதான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் போதகர் இல்லை, வேதாகமக் கல்லூரிப் பக்கம் போனதும் இல்லை. பி.காம் முடித்து வங்கியில் சேர்ந்தவன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மூணு வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்பர் என்று ஊர் ஊராகப் போய் இப்போது புனேயில் இருக்கிறேன். போன ஊரில் எல்லாம் தமிழ் ஆராதனை எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, அங்கே ஞாயிறு பள்ளியிலோ வாலிபர் ஐக்கியத்திலோ ஒட்டிக்கொள்வது வழக்கம். அதனால் இது ஒரு சபையைப் பற்றிய குற்றப்பத்திரிகை இல்லை. எந்த ஊர்ச் சபை என்று யாரும் துப்பறிய வேண்டாம். எல்லா ஊரிலும் கதை ஒன்றுதான்.

ஏப்ரல் கடைசியில், ஜனங்கள் ஊருக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால், வி.பி.எஸ். நடக்கும். பத்து நாள். கடைசி நாள் நிகழ்ச்சியில் பிள்ளைகள் ஆக்‌ஷன் பாட்டு பாடுவார்கள். அப்பா அம்மாக்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுப்பார்கள். அப்புறம் செயலாளர் மைக்கைப் பிடித்து, உழைத்த வாலிபர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிடுவார். ஆளுக்கு ஒரு பொன்னாடை, கைதட்டல், குரூப் போட்டோ, பிரியாணி. முடிந்தது.

அடுத்த ஏப்ரலில் அந்த போட்டோவில் இருந்தவர்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். வேலை மாறிப் போனவர்களைச் சொல்லவில்லை. அதே ஊரில், அதே சபையில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களைச் சொல்கிறேன். "என்ன தம்பி, இந்த வருஷம் வரலியா?" என்று கேட்டால், "கொஞ்சம் பிஸி அண்ணே" என்பார்கள். அந்த "பிஸி"க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கமிட்டியில் யாரும் கேட்பதில்லை.

நான் சொல்கிறேன். ஒரு ஐ.டி. கம்பெனிப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வயது 25. ஊர் நாசரேத் பக்கமோ மார்த்தாண்டம் பக்கமோ. ஹிஞ்சவடியில் வேலை, வாகட்டில் மூணு பெண்களோடு ஒரு வாடகை வீடு. வாரம் முழுக்க வேலை. சனிக்கிழமை துணி துவைத்து, கடைக்குப் போய், ராத்திரி உட்கார்ந்து ஞாயிறு பாடம் தயார் பண்ணுகிறாள். சார்ட், ஸ்கெட்ச், ஜெராக்ஸ் எல்லாம் சொந்தக் காசு. ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை சாயங்காலம்தான், ஏனென்றால் காலையில் மராத்தி சபைக்காரர்களுக்கு ஒரு நேரம், இங்கிலீஷ் ஆராதனைக்கு ஒரு நேரம், மிச்சம் இருப்பதுதான் நமக்கு. அதற்கு ஒரு மணி நேரம் முன்னாடி அவள் வந்து, வராந்தாவில் பாய் விரித்து, 20 பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறாள்.

அந்த 20 பேரும் ஒரே மாதிரியா? கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் ஒரு பக்கம். இவர்களுக்கு மராத்தி தண்ணீர் பட்ட பாடு, தமிழ் காதால் கேட்டால் புரியும், வாசிக்க வராது. நேற்று சென்னையில் இருந்து வந்த ஐ.டி. வீட்டுப் பிள்ளைகள் மறு பக்கம். இவர்களுக்கு இங்கிலீஷ்தான் வரும். தாவீதையும் கோலியாத்தையும் மூணு பாஷையில் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு நாக்கு தள்ளிவிடும்.

இதற்கு அவளுக்குக் கிடைப்பது என்ன? "ஏம்மா, என் பையனுக்கு தமிழ் பைபிள் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கலியா?" (வீட்டில் அப்பா அம்மாவே அவனோடு ஹிந்தியில் பேசுவது தனிக்கதை.) "ஹிந்திப் பாட்டு எதுக்கு? நம்ம கீர்த்தனை இல்லியா?" "சத்தம் ஜாஸ்தியா இருக்கு, உள்ளே ஜெபம் நடக்குது." ஒரு பத்தாம் வகுப்புப் பையன் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று அவளிடம் அழுதிருப்பான். அதைச் சுமந்துகொண்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போவாள். யாரிடம் சொல்வாள்? ஆயரிடம் சொல்லலாம் என்றால், அவருக்கு இதே ஊரில் இன்னும் இரண்டு சபை, மாதத்தில் ஒரு ஞாயிறு வேறு ஊர். வாட்ஸ்அப்பில் பெரியவர்களுக்கு எழுதினால் கூப்பிய கை படம் மூணு வரும். "ஜெபிச்சுக்கிறோம்மா."

ஜெபிப்பது தப்பு என்று சொல்லவில்லை. ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு நாளும் பக்கத்தில் வந்து உட்காராமல் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது என் தொழிலில் இருந்து ஒரு விஷயம். வங்கியில் ஸ்ட்ராங் ரூமை ஒரே ஆள் திறக்க முடியாது. இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். எவ்வளவு நல்லவராக இருந்தாலும், 30 வருஷ சர்வீஸ் என்றாலும், தனியாகத் திறக்க விடமாட்டோம். அது மட்டும் இல்லை. 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. முக்கியமான பொறுப்புகளில் இருப்பவர்களை வருஷத்துக்கு ஒரு தடவை, சேர்ந்தாற்போல் 10 வேலை நாளுக்குக் குறையாமல், முன்கூட்டிச் சொல்லாமல் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும். மோசடி நடக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் இன்னொரு லாபமும் உண்டு. அந்த ஆள் இல்லாமல் வேலை நடக்குமா என்று கிளைக்குத் தெரிந்துவிடும். அவர் வேலையைக் கற்றுக்கொண்ட இன்னொருவர் உருவாகிவிடுவார். டிரான்ஸ்பர் வந்தால்கூட சார்ஜ் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

ரூபாய் நோட்டுக்கு இவ்வளவு ஏற்பாடு. நம்ம பிள்ளைகளுக்கு? ஒரே ஆள், ஒரே சாவி. லீவு கிடையாது. மாற்று ஆள் கிடையாது. அவள் கல்யாணமாகிப் போனாலோ பெங்களூருக்கு மாறினாலோ அந்தக் குழுவே படுத்துவிடும். அப்புறம் ஒரு வருஷம் கழித்து, "வாலிபர் ஐக்கியத்தைத் திரும்பத் துவக்குவோமா?" என்று கமிட்டியில் ஒரு தீர்மானம். இந்தக் கணக்கு எந்தத் தணிக்கையில் பாஸ் ஆகும், சொல்லுங்கள்?

இதில் பிள்ளைகளின் பாதுகாப்பும் இருக்கிறது. பேசக் கூச்சப்படுகிறோம், ஆனால் பேசித்தான் ஆக வேண்டும். போக்சோ சட்டம் 2012ல் வந்தது. ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டியது தெரிந்த எவருக்கும் கடமை என்கிறது அந்தச் சட்டம். ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கும் அது பொருந்தும். ஒரு பிள்ளை வந்து அப்படி ஒன்றைச் சொன்னால் 25 வயதுப் பெண் தனியாக என்ன செய்வாள்? பக்கத்தில் துணை நிற்க ஒரு பெரியவர் வேண்டாமா? தனி ஆளிடம் பிள்ளைகளை விடுவது பிள்ளைகளுக்கும் நல்லதில்லை, அந்த ஆளுக்கும் நல்லதில்லை. அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருந்தால் பிள்ளைக்கும் காவல், ஊழியம் செய்கிறவருக்கும் காவல்.

"ஊழியம் தேவனுக்குச் செய்வது. மனுஷனுடைய பாராட்டை எதிர்பார்க்கலாமா?" இதுதான் எனக்கு வரும் முதல் பதில். கேட்க ரொம்ப ஆவிக்குரியதாக இருக்கும். ஆனால் இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வேலை செய்கிறவர்கள் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

வேதாகமத்தையே பார்ப்போமே. இயேசு சீஷர்களை அனுப்பும்போது ஒவ்வொருவராகவா அனுப்பினார்? இரண்டிரண்டு பேராக அனுப்பினார். மாற்கு 6ல் பன்னிரண்டு பேரையும் அப்படித்தான், லூக்கா 10ல் அந்தப் பெரிய கூட்டத்தையும் அப்படித்தான். எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு சாக வேண்டும் என்று கேட்டபோது அவருக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் இல்லை. சாப்பாடு, தண்ணீர், தூக்கம். அதுவும் இரண்டு தடவை. அதற்கப்புறம், நீ ஒருத்தன் மட்டும் இல்லை, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி. அதோடு எலிசா என்று ஒரு துணை. 1 இராஜாக்கள் 19ஐ நிதானமாக ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

பர்னபாவின் சொந்தப் பெயர் யோசே. சீப்புரு தீவுக்காரர், அதாவது எருசலேமில் அவரும் நம்மைப் போல வெளியூர் ஆள். ஆறுதல் சொல்லி ஊக்கப்படுத்துகிறவர் என்பதால் அப்போஸ்தலர்கள் அவருக்கு வைத்த பெயர்தான் பர்னபா. சவுலை யாருமே நம்பாதபோது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். பாதியில் விட்டுவிட்டுப் போன மாற்கு என்ற வாலிபனை பவுல் வேண்டாம் என்றபோது, பவுலோடு சண்டை போட்டுப் பிரிந்து, மாற்குவைத் தன்னோடு கப்பல் ஏற்றியவரும் அவர்தான். கடைசியில் அதே பவுல், மாற்கு எனக்கு உதவியாக இருப்பான், கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நடுவில் ஒரு பர்னபா இல்லை என்றால் மாற்கு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து "பிஸி" என்று சொல்லியிருப்பான்.

சரி, வேதாகம காலம் தூரம் என்றால் கிட்டத்தில் வருவோம். ஒய்.எம்.சி.ஏ. எப்படி ஆரம்பித்தது? 1844ல், லண்டனில், ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற 22 வயதுப் பையன். விவசாயக் குடும்பம், கிராமத்தில் இருந்து வந்து ஜவுளிக்கடையில் வேலை. நம்ம ஊர்ப் பையன்கள் தி.நகர் ஜவுளிக்கடைகளில் தங்கி வேலை பார்க்கிறார்களே, கிட்டத்தட்ட அதே நிலைமை. அவனும் சக பணியாளர்கள் சிலரும் ஒரு அறையில் கூடி ஜெபித்து, வேதம் வாசித்து, ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டதில்தான் அது தொடங்கியது. கட்டடமும் கமிட்டியும் பிற்பாடு வந்தவை.

அதே ஒய்.எம்.சி.ஏ.வில் 1895ல் செயலாளராகச் சேர்ந்தார் நம்ம ஊர் ஆள் ஒருவர். வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. வாலிபர் ஊழியத்தில் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். அவருக்கு அங்கே ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கர் கூட்டாளியாகக் கிடைத்தார். வெள்ளைக்காரரும் இந்தியரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே அபூர்வமாக இருந்த காலத்தில், இருவரும் நிஜமான நண்பர்கள். 1903ல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்ததிலும், 1905ல் தேசிய மிஷனெரி சங்கம் பிறந்ததிலும் அசரியாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அப்புறம் தானே கிளம்பி தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் போய், தெலுங்கு கற்று, அங்கேயே உழைத்தார். 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவரும் வெளிமாநிலத் தமிழர்தான்!

அவர் 1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். வயது 35. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பணமும் ஆட்களும் அனுப்புகிற பெரிய மனிதர்கள். இன்னும் கொஞ்சம் நிதி வேண்டும் என்று கேட்டிருந்தால் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். அவர் கேட்டது நட்பை. உங்கள் தியாகத்தை எல்லாம் மதிக்கிறோம், ஆனால் எங்களோடு நண்பர்களாக இருங்கள் என்ற அர்த்தத்தில் பேசி முடித்தார். அரங்கத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அன்றைக்கு மிஷனெரி துரைகளிடம் அசரியா கேட்டதைத்தான், இன்றைக்கு நம்ம சபையின் வாலிபர் ஊழியர்கள் வாயைத் திறக்காமல் நம்மிடம் கேட்கிறார்கள். நாமும் துரைமார்கள் போலவே மேடையில் இருந்து பொன்னாடையை நீட்டுகிறோம்.

"எல்லாம் சரி, யாருக்கு நேரம் இருக்கு?" இது இரண்டாவது பதில். நேரம் இருந்த ஒரு இடத்தைச் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு குஜராத் நகரத்தில், எங்கள் தமிழ்ச் சபையில் வாலிபர் வேலை செய்தவர்கள் மொத்தம் மூணே பேர். பக்கத்து மலையாளச் சபையில் இரண்டு பேர், குஜராத்தி சபையில் இரண்டு பேர். மாதத்தில் முதல் சனிக்கிழமை, ராத்திரி 7 மணிக்கு, ஒரு ரிட்டயர்டு நர்ஸ் அம்மா வீட்டில் கூடுவோம். எல்லோரும் அவரை "சித்தி" என்றுதான் கூப்பிடுவோம். அஜெண்டா கிடையாது, மினிட்ஸ் கிடையாது. தோசை உண்டு. அவர் தோசை ஊற்றிக்கொண்டே மூணு கேள்வி கேட்பார். இந்த மாசம் எது சந்தோஷம்? எது கஷ்டம்? எந்தப் பிள்ளை உன் மனசில் இருக்கு? சொன்ன பிள்ளையின் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த மாதம், "அந்த டேவிட் பரீட்சை எழுதினானா?" என்று விசாரிப்பார்.

அங்கே நான் கற்றுக்கொண்டது, ஊக்கம் என்பது புகழ்ச்சி இல்லை. "நீங்க பிரமாதம்" என்று சித்தி ஒரு நாளும் யாரையும் சொன்னதில்லை. சில நேரம் திட்டுவார்கூட. ஒரு தம்பி, "இனி என்னால முடியாது சித்தி" என்று வந்து நின்றான். "சரிப்பா, ரெண்டு மாசம் ஓய்வெடு. உன் கிளாஸை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அறுபத்தைந்து வயதில் எட்டாம் வகுப்புப் பையன்களோடு உட்கார்ந்தார்! இரண்டு மாதம் கழித்து அவன் திரும்பி வந்தான். பொன்னாடை போட்டிருந்தால் வந்திருப்பானா? அந்த மலையாளி நண்பர்களும் குஜராத்தி நண்பர்களும் இன்றைக்கும் எனக்கு போன் பண்ணுகிறார்கள். பாஷை தடையாகவே இல்லை. எல்லோருக்கும் ஒரே பிரச்சினை: பிள்ளைகள் ஒரு பாஷையில் வளர்கிறார்கள், சபை இன்னொரு பாஷையில் பேசுகிறது.

அதனால் கேட்கிறேன். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை.

1. எந்த வகுப்பிலும் ஒரே ஆள் வேண்டாம். குறைந்தது இரண்டு பேர். இரண்டாவது ஆளுக்குப் பாடம் நடத்தத் தெரிய வேண்டும் என்று இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

2. இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவர்களுக்கு லீவு. அன்றைக்குக் கமிட்டி உறுப்பினர் ஒருவர் வகுப்பைப் பார்க்கட்டும். 20 பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் இருந்து பார்த்தால், "சத்தம் ஜாஸ்தி" என்ற புகார் தானாகக் குறையும்.

3. பட்ஜெட்டில் ஒரு வரி. அறுப்பின் பண்டிகைப் பந்தலுக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்கும் பணம் ஒதுக்குகிற நாம், ஸ்கெட்ச் பென்சிலுக்கும் ஜெராக்ஸுக்கும் 25 வயதுப் பெண்ணின் சம்பளத்தை நம்பி இருப்பது வெட்கக்கேடு.

4. மாதத்தில் ஒரு நாள், ஒரு வீடு, ஒரு வேளைச் சாப்பாடு. வேலை ஒப்படைக்க இல்லை, கேட்க. பக்கத்துச் சபை வாலிபர் ஊழியர்களையும் கூப்பிடுங்கள்.

5. அப்பா அம்மாக்களுக்கு: பிள்ளையைக் கேட்டில் இறக்கிவிட்டுப் பறக்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் பத்து நிமிஷம் நில்லுங்கள். இன்றைக்கு என்ன படித்தார்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாமல் அவர்கள் ஏங்குகிறார்கள்.

"இதெல்லாம் இல்லாமலே அந்தக் காலத்தில் நாங்க ஊழியம் செய்யலியா?" என்று ஊரில் வளர்ந்த பெரியவர்கள் கேட்பார்கள். செய்தீர்கள் ஐயா, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்களைச் சுற்றி ஒரு ஊரே இருந்தது. கோயில் மணி அடித்தால் கேட்கும் தூரத்தில் அத்தை வீடு, சித்தப்பா வீடு, பள்ளிக்கூட வாத்தியார் வீடு, உபதேசியார் வீடு. முகம் வாடினால் கேட்க பத்து பேர். ஊக்கம் என்று பெயர் வைக்காமலே அது கிடைத்துக்கொண்டிருந்தது. இங்கே அந்தப் பெண் ஆராதனை முடிந்து போனால் பூட்டிய வீட்டைத் திறந்து தனியாக நுழைகிறாள். ஊரில் தானாகக் கிடைத்ததை, இங்கே நாம்தான் முயற்சி எடுத்து உண்டாக்க வேண்டும். வெளிமாநிலத்தில் சபை என்று ஒன்று நமக்கு எதற்கு? தமிழில் பாட்டு கேட்க மட்டும் என்றால் யூடியூப் போதுமே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் நம்மைக் கவனிக்கிறார்கள். தங்களுக்காக உழைத்த அக்காவும் அண்ணனும் வாடிப் போய் ஒதுங்குவதையும், சபை அதைக் கண்டுகொள்ளாததையும் அவர்கள் பார்க்கிறார்கள். நாளைக்கு நீ இந்த வகுப்பை எடு என்று அவர்களில் ஒருவரைக் கேட்டால், ஏன் தயங்குகிறார்கள் என்று ஆச்சரியப்படாதீர்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டீ கப்போடு வராந்தாவுக்குப் போங்கள். பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கிற அந்தத் தம்பியோ தங்கச்சியோ கண்ணில் படுவார்கள். பாயின் மறு முனையைப் பிடியுங்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் நில்லுங்கள்.

பி.கு.: பொன்னாடை விற்கிற கடைக்காரர்கள் மன்னிக்கவும். கல்யாண சீசன் இருக்கிறதே, பிழைத்துக்கொள்வீர்கள்.